பயனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4: பழகுவதற்கு நிறைவு, பணிக்குப் பாதி வழி

டிஜே ஆக வேண்டும் என்று முதல் கருவி வாங்குகிறவர் மனத்தில் இரண்டு கேள்விகள் இருக்கும். இதை வைத்துக்கொண்டு ஒழுங்காகக் கற்றுக்கொள்ள முடியுமா என்பது ஒன்று. கற்ற பிறகு இதையே தூக்கிக்கொண்டு போய் நாலு இடத்தில் செட் (பாடல்களைத் தொடர்ந்து கலந்து வாசிக்கும் நிகழ்ச்சி) போட்டுச் சம்பாதிக்க முடியுமா என்பது மற்றொன்று. பயனியர் டிஜே வெளியிட்ட டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 என்னும் கன்ட்ரோலரை (கணினியில் உள்ள பாடல்களைக் கையால் இயக்கிக் கலக்கும் கருவி) ஒன்றரை ஆண்டாக ஏறக்குறைய ஒவ்வொரு மாலையும் பயன்படுத்தி, இடையே சில சிறிய விருந்துகளுக்கும் எடுத்துச் சென்ற பிறகு, முதல் கேள்விக்கு முடியும் என்று தயங்காமல் சொல்வேன். இரண்டாவதற்கு அவ்வளவு எளிதாகத் தலையாட்ட மாட்டேன். கடையில் வாங்கும்போது இந்த இரண்டையும் ஒரே கேள்வியாக நினைத்திருந்தேன். அவை வேறு வேறு என்று புரிய எனக்கு ஓராண்டு பிடித்தது.

2022ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான இந்தக் கருவி, 2018 முதல் புதியவர்களிடையே பரவலாகப் புழங்கிய டிடிஜே-400இன் இடத்தை நிரப்ப வந்தது. அகலம் சுமார் 48 சென்டிமீட்டர், எடை 2.1 கிலோ, மடிக்கணினி வைக்கும் பையிலேயே ஒருவாறு அடங்கிவிடும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டெக் (ஒரு பாடலை ஓட்டும் பகுதி), நடுவில் அவற்றின் ஒலியைக் கலக்கும் இரண்டு சேனல் மிக்சர், ஒவ்வொரு டெக்கிலும் தொட்டால் உணரும் ஜாக் வீல் என்னும் சுழல் தட்டு, எட்டுப் பேட் (தட்டும் பொத்தான்கள்), பாடலின் வேகத்தை மாற்றும் ஒரு டெம்போ ஸ்லைடர் என்ற அமைப்பு. தனி மின்சாரம் தேவையில்லை, கணினியின் யு.எஸ்.பி. வழியாக வரும் மின்சாரமே போதும். புளூடூத் மூலம் கைப்பேசியோடும் இணைக்கலாம். நான் அதை ஓரிரு முறை மட்டுமே செய்து பார்த்தேன். பயிற்சிக்குக் கம்பி இணைப்பே மனத்துக்கு நிம்மதியாக இருக்கிறது.

இதன் மிகப் பெரிய பலம் பொத்தான்களின் எண்ணிக்கையில் இல்லை. அவை எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்பதில் இருக்கிறது. இரண்டு டர்ன்டேபிள் (இசைத்தட்டுச் சுழற்றி), நடுவே ஒரு மிக்சர் என்ற ஏற்பாடு அரை நூற்றாண்டாக மாறவில்லை. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் 1972இல் வந்தது. 1979இல் வந்த அதன் இரண்டாம் வடிவம்தான் வலப்பக்கத்தில் கூட்டவும் குறைக்கவும் எட்டு விழுக்காடு வேகம் மாற்றும் நீண்ட ஸ்லைடரை நிலைபெறச் செய்தது. 2001இல் வந்த சிடிஜே-1000, குறுந்தகட்டை இசைத்தட்டைப் போலக் கையால் பிடிக்கும் வீலோடு அதே ஏற்பாட்டைத் தொடர்ந்தது. இன்றைய கிளப்புகளில் காணப்படும் சிடிஜே-3000 வரைக்கும் அந்த வழிதான். எஃப்எல்எக்ஸ்4இல் பிளே, கியூ பொத்தான்கள் கீழே இடப்பக்கம், டெம்போ ஸ்லைடர் வலப்பக்கம், நடுவில் மேலிருந்து கீழாக டிரிம் (உள்வரும் ஒலியின் அளவு), ஹை, மிட், லோ (உயர், நடு, தாழ் ஒலிகள்), அதன்கீழ் ஃபில்டர் என்று அந்தப் பெரிய கருவிகளின் வரிசையே பின்பற்றப்பட்டிருக்கிறது. ஆறு மாதம் இதில் பழகிய கை, முதல் முறையாகக் கிளப் கருவியின் முன்னே நிற்கும்போது பேஸ் (தாழ் ஒலி) குமிழைத் தேடி அலைவதில்லை. கற்பவருக்கு இதைவிடப் பெரிய உதவியை ஒரு பெட்டி செய்துவிட முடியாது.

கற்றல் என்று வரும்போது முதலில் வருவது பீட் மேட்சிங். இரண்டு பாடல்களின் வேகத்தையும் ஒன்றாக்கி, தாள அடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் வேலை இது. எஃப்எல்எக்ஸ்4இல் பீட் சிங்க் என்ற பொத்தானை அழுத்தினால் மென்பொருளே அதைச் செய்து கொடுத்துவிடும். முதல் இரண்டு மாதம் நான் அதை அழுத்திக்கொண்டுதான் இருந்தேன். பாடல்கள் அழகாக இணைந்தன, நான் மட்டும் எதையும் கற்கவில்லை. பிறகு அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை என்று தீர்மானித்து, திரையில் பி.பி.எம். எண் (ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடிகள் என்ற கணக்கு) தெரியும் இடத்தை ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துவிட்டு, அடிப்படையிலிருந்து தொடங்கினேன்.

எனக்கு அதிகம் பயன்பட்ட பயிற்சி ஒன்றை விளக்கமாகச் சொல்கிறேன். ஒரே பாடலை இரண்டு டெக்கிலும் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தின் டெம்போ ஸ்லைடரைக் கண்ணை மூடிக்கொண்டு எங்காவது தள்ளிவிட்டு, மற்றப் பக்கத்தை ஒலிக்கவிட வேண்டும். இப்போது ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்து, தள்ளிவிட்ட பக்கத்தின் முதல் அடியைச் சரியான நேரத்தில் விட்டால், சில நொடிகள் இரண்டும் ஒன்றாக ஓடும்; பிறகு ‘டும்’ என்று கேட்ட அடி ‘ட-டும்’ என்று இரண்டாகப் பிளக்கத் தொடங்கும். எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று காது கண்டுபிடித்தாக வேண்டும். பிந்துகிறது என்றால் ஜாக் வீலின் பக்கவாட்டு விளிம்பை விரல் நுனியால் முன்னோக்கி மெல்ல உந்த வேண்டும், முந்துகிறது என்றால் அதே விளிம்பில் லேசாகத் தடை கொடுக்க வேண்டும், அடுத்து ஸ்லைடரை ஒரு மயிரிழை நகர்த்த வேண்டும். மேல்பரப்பைத் தொட்டுவிட்டால் பாடல் நின்று, இசைத்தட்டைக் கையால் தேய்த்தாற்போல் ஸ்கிராட்ச் ஆகிவிடும் என்பதால் விரல் எங்கே படுகிறது என்பதும் இதிலேயே பழக்கமாகிறது. இரண்டும் துல்லியமாகப் பொருந்தும் கணத்தில் ஒலியே மாறிப்போகும்: ஒரே அலை இரண்டு தடவை சேர்வதால், குழாய்க்குள் காற்று சுழல்வதைப் போன்ற ஒரு வெற்றொலி எழும். அந்த ஒலியை முதல் முறை கேட்ட மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதுவரை திரையைப் பார்த்துச் செய்துகொண்டிருந்ததை அன்றுதான் காதால் செய்தேன்.

இந்தப் பயிற்சி எனக்கு மிகவும் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூவில் இருந்த ஒரு குடியிருப்பின் விருந்தில் கூல் ஹெர்க் டிஜேவாக நின்றார். ஹிப்-ஹாப் பிறந்த நாள் என்று அதைத்தான் கொண்டாடுகிறார்கள். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரு டர்ன்டேபிள்களில் வைத்து, பாடகர் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை மாற்றி மாற்றி ஓடவிட்டு நீட்டியது அவர் பெயரோடு நிலைத்த உத்தி. எஃப்எல்எக்ஸ்4இல் லூப் பொத்தான் அதை ஒரே அழுத்தலில் செய்துவிடுகிறது. ஆனாலும் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு கையால் அதைச் செய்து பார்த்தவருக்குத்தான், லூப்பை எந்த அடியில் தொடங்கி எந்த அடியில் விட வேண்டும் என்பது சொல்லிக்கொடுக்காமல் பிடிபடும்.

டெம்போ ஸ்லைடரைப் பற்றி ஒரு குறை சொல்லியாக வேண்டும். கிளப் கருவிகளில் இருப்பதைவிட இதன் நீளம் குறைவு. 128 பி.பி.எம். வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே ஏறக்குறைய 0.47 நொடி இருக்கும். இரண்டு பாடல்களின் வேகம் 0.1 பி.பி.எம். மட்டுமே வேறுபட்டால்கூட, ஒரு நிமிடத்தில் 47 மில்லி நொடி விலகிவிடும், காது அதை நன்றாகவே கண்டுபிடித்துவிடும். குட்டையான ஸ்லைடரில் இந்த அளவு நுணுக்கத்தைப் பிடிப்பது கடினம். மென்பொருளில் வேக மாற்றத்தின் வீச்சைப் பதினாறு விழுக்காட்டிலிருந்து ஆறாகக் குறைத்து வைத்தால், அதே நீளத்தில் சிறிய அளவு மாற்றமே நிகழும் என்பதால் வேலை எளிதாகிறது. வாங்கிய அன்றே செய்ய வேண்டிய முதல் மாற்றம் இது என்பேன்.

இந்தக் கருவியின் விளம்பரங்களில் முன்னிறுத்தப்படுவது ஸ்மார்ட் ஃபேடர், ஸ்மார்ட் சிஎஃப்எக்ஸ் என்ற இரண்டு வசதிகள். முதலாவதை இயக்கிவிட்டு ஃபேடரை (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்) நகர்த்தினால், ஒலியளவு, வேகம், பேஸ் மூன்றும் தானாகவே சரிசெய்யப்பட்டு ஒரு பாடல் மற்றொன்றுக்குள் கலக்கும். இரண்டாவது, ஒரே குமிழைத் திருப்பிப் பல எஃபெக்ட்களை (எதிரொலி போன்ற ஒலி மாற்றங்கள்) சேர்த்துக் கொடுக்கும். நண்பர்கள் கூடும் வீட்டில் முதல் நாளே இசையை ஓடவிட விரும்புகிறவருக்கு இவை மகிழ்ச்சி தரும், அதில் குற்றம் காண மாட்டேன். வேலை தேடும் எண்ணத்தோடு கற்கிறவருக்கு ஸ்மார்ட் ஃபேடர் தடையாகிறது என்பதே என் உறுதியான கருத்து. பேஸை எப்போது எடுக்க வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும் என்ற முடிவில்தான் ஒரு டிஜேயின் ரசனை வெளிப்படுகிறது. அந்த முடிவையே பெட்டி எடுத்துக்கொண்டால் கற்பவர் கையில் என்ன மிஞ்சும்? மேலும், கிளப்பில் நிற்கும் கருவிகளில் இந்த வசதியை எதிர்பார்த்துப் போக முடியாது. சிங்க் பற்றி நான் அவ்வளவு கடுமையாக இல்லை. அனுபவம் மிக்க பலரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது மென்பொருள் வரைந்த பீட் கிரிட்டை (பாடலில் அடிகள் விழும் இடங்களைக் காட்டும் கோடுகள்) நம்பி இயங்குவது. இயந்திரத் தாளத்தில் பதிவான பாடல்களில் அந்தக் கிரிட் கச்சிதமாக அமையும். மனிதர் டிரம்ஸ் வாசித்துப் பதிவான பழைய பாடல்களில் வேகம் மெல்ல ஏறி இறங்குவதால், நடுவிலேயே கிரிட் விலகிப்போகும், 70 பி.பி.எம். பாடலை 140 என்று மென்பொருள் எடுத்துக்கொள்வதும் உண்டு. விருந்துக்கு வந்தவர்கள் கேட்கும் பாடல்களில் பாதிக்கு மேல் இப்படிப்பட்டவைதான் என்பது என் அனுபவம். அப்போது கைகொடுப்பது காது மட்டுமே.

மிக்சர் பகுதி எனக்கு முழு நிறைவைத் தருகிறது. ஹை, மிட், லோ ஆகிய மூன்று இக்வலைசர் குமிழ்களும் போதிய இடைவெளியில், விரலுக்குப் பிடிப்பாக இருக்கின்றன. புதிய பாடலின் லோ குமிழை முழுவதும் குறைத்து வைத்து உள்ளே கொண்டுவந்து, ஒரு பத்தி முடிந்து அடுத்த பத்தி தொடங்கும் அடியில் பழைய பாடலின் பேஸை இறக்கிப் புதியதன் பேஸை ஏற்றுவது அடிப்படைப் பாடம். நடன இசை பெரும்பாலும் 32 அடிகள் கொண்ட பத்திகளாகவே நகர்கிறது, 128 பி.பி.எம். வேகத்தில் அது சரியாகப் பதினைந்து நொடி. கடிகாரத்தைப் பார்க்காமல் அந்தப் பதினைந்து நொடி உடம்பில் ஏறிவிட வேண்டும். ஒலியளவைக் காட்டும் விளக்குகள் பச்சையைத் தாண்டிச் சிவப்பைத் தொடாமல் டிரிம் குமிழை அமைக்கும் பழக்கமும் இங்கேயே வந்துவிட வேண்டும். என் முதல் விருந்தில் கூட்டம் உற்சாகமாக இருக்கிறது என்ற ஆர்வத்தில் நான் டிரிமை ஏற்றிக்கொண்டே போனேன். ஒலிப் பொறுப்பாளர் அருகில் வந்து, ‘சத்தம் வேணும்னா என்கிட்ட சொல்லுங்க தம்பி, நான் ஏத்தித் தர்றேன், நீங்க சிவப்புல போனா ஸ்பீக்கருக்கு வர்றதே கிழிஞ்ச ஒலிதான்’ என்று பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கருவியிலிருந்து கிளம்பும்போதே சிதைந்துவிட்ட ஒலியை அதற்கப்புறம் எந்தக் கருவியாலும் நேராக்க முடியாது.

மென்பொருளைப் பொறுத்தவரை, இந்தக் கன்ட்ரோலரை இணைத்தாலே பயனியரின் ரெக்கார்ட்பாக்ஸ் மென்பொருளில் பாடல்களை நேரடியாகக் கலக்கும் பெர்ஃபார்மன்ஸ் பகுதி கட்டணமின்றித் திறந்துகொள்ளும். செராட்டோ டிஜே லைட் என்ற மற்றொரு மென்பொருளும் இலவசமாகவே இயங்கும், செராட்டோ புரோ வேண்டுமென்றால் தனிக் கட்டணம் உண்டு. கற்பவர் இரண்டையும் முயன்று பார்க்கலாம் என்றாலும், கிளப்பில் வேலை தேடும் எண்ணம் இருந்தால் ரெக்கார்ட்பாக்ஸிலேயே நிலைத்துவிடுவது நல்லது. காரணம் எளியது: வீட்டில் நாம் உருவாக்கும் பாடல் பட்டியல்கள், ஹாட் கியூ குறிகள் (பாடலில் ஓர் இடத்துக்கு உடனே தாவ வைக்கும் அடையாளங்கள்), பீட் கிரிட் அனைத்தையும் ஒரு யு.எஸ்.பி. டிரைவில் ஏற்றிக்கொண்டு போய்க் கிளப்பில் இருக்கும் சிடிஜே பிளேயரில் செருகினால், மடிக்கணினியே இல்லாமல் அவை அங்கே திறக்கும். டிரைவை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்துகொண்டால் பழைய பிளேயர்களும் படித்துவிடும். ஒரே உள்ளடக்கத்தோடு இரண்டு டிரைவ் எடுத்துச் செல்வது என் வழக்கம்.

பாடல்களின் சுருதி பற்றியும் மென்பொருள் தகவல் தரும். 8ஏ, 8பி போன்ற குறியீடுகளால் சுருதிகளை ஒரு கடிகார வட்டமாக அடுக்கும் கேமலாட் முறையில், ஏ மைனர் 8ஏ என்றும் சி மேஜர் 8பி என்றும் குறிக்கப்படும். பக்கத்துப் பக்கத்து எண்கள் உரசாமல் இணையும். பயனுள்ள வழிகாட்டிதான். எண்கள் பொருந்துகின்றன என்பதற்காகவே மனநிலை பொருந்தாத இரண்டு பாடல்களைச் சேர்க்கும் பழக்கம் சில மாதம் எனக்கும் இருந்தது. அதிலிருந்து விடுபட்ட பிறகுதான் என் செட்கள் கேட்கும்படி அமைந்தன.

இனி இரண்டாம் கேள்வி. எஃப்எல்எக்ஸ்4ஐ எடுத்துக்கொண்டு பணிக்குப் போகலாமா?

முதலில் அதன் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். ஒலி வெளியேற ஒரே ஒரு இணை ஆர்.சி.ஏ. துளைகள்தான் உள்ளன; ஒலிப் பொறுப்பாளர்கள் எதிர்பார்க்கும் எக்ஸ்.எல்.ஆர். வகைச் சமநிலை இணைப்பு (நீண்ட கம்பியிலும் இரைச்சலை எளிதில் வாங்காதது) இல்லை. டிஜேயின் அருகில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்கென்று பூத் வெளியீடும் இல்லை. மைக் இணைப்பு ஒன்று, அதற்கு ஒலியளவுக் குமிழ் மட்டும். ஹெட்போனுக்குச் சிறிய 3.5 மில்லிமீட்டர் துளை. தொடக்க நிலைக் கருவியில் இவை எதிர்பார்க்கத்தக்க எல்லைகளே, நிறுவனம் எதையும் மறைக்கவும் இல்லை. ஆனால் அவற்றின் பொருள் என்ன என்பது மேடையில்தான் எனக்குப் புரிந்தது. ஒரு விருந்தில் மிக்சர் மேசை எனக்குப் பதினைந்து மீட்டர் தள்ளி இருந்தது. அவ்வளவு நீளத்துக்கு ஆர்.சி.ஏ. கம்பி இழுத்தால் வழியில் உள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் அது வாங்கிக்கொள்ளும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. பாடல் நின்ற ஒவ்வொரு தடவையும் ஒரு ரீங்காரம் அறை முழுவதும் கேட்டது. ஒலிப் பொறுப்பாளர் தம் பெட்டியிலிருந்து ஒரு டி.ஐ. பாக்ஸை (சாதாரண ஒலி இணைப்பைச் சமநிலை இணைப்பாக மாற்றும் சிறு பெட்டி) எடுத்து என் மேசைக்கு அருகிலேயே வைத்து, அங்கிருந்து சமநிலைக் கம்பியில் ஒலியைக் கொண்டுபோன பிறகு ரீங்காரம் அடங்கியது. அன்றிலிருந்து ஸ்டீரியோ டி.ஐ. பாக்ஸ் ஒன்று என் பையைவிட்டுப் போனதில்லை. எஃப்எல்எக்ஸ்4ஐ வெளியே எடுத்துச் செல்ல நினைப்பவர் கருவியோடு சேர்த்தே அதையும் வாங்கிவிட வேண்டும். யு.எஸ்.பி. கம்பியை மேசையோடு ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுவதும் அவசியம்; கருவிக்கு மின்சாரமும் அதன் வழியாகவே வருவதால், யாரோ ஒருவரின் முழங்கை பட்டு அது கழன்றால் முழு இசையும் நின்றுவிடும்.

ஐம்பது, அறுபது பேர் கூடும் பிறந்தநாள், நண்பர்கள் சந்திப்பு, உடற்பயிற்சி வகுப்பு, சிறு கடையின் திறப்பு போன்றவற்றுக்கு இந்தத் துணைப் பொருள்களோடு எஃப்எல்எக்ஸ்4 தாராளமாகப் போதும். அறிவிப்பாளர், வாழ்த்துரை, இரண்டு மூன்று மைக் என்று நீளும் திருமண விருந்துக்கோ, அலுவலக விழாவுக்கோ இதை எடுத்துச் செல்ல நான் துணிய மாட்டேன். அத்தகைய வேலைக்குச் சமநிலை வெளியீடும், தனி பூத் ஒலியளவும், மைக்குக்கென்று இக்வலைசரும் கொண்ட கருவியை அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பதே முறை. புதியவர் பெரிய கருவிக்காகக் கடன்படத் தேவையில்லை.

கிளப்பில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் கருவி ஏற்கெனவே இருக்கும். நம்முடைய கன்ட்ரோலரை வைக்க இடம்கூட இருக்காது. எனக்குக் கிடைத்த முதல் கிளப் வாய்ப்பு, இரவு தொடங்கும்போது கூட்டம் சேரும் வரை வாசிக்கும் வார்ம்-அப் நேரம். அதைப் பெறுவதற்கு முன் பத்துக்கு மேற்பட்ட இடங்களுக்கு ஒரே மிக்ஸை (பாடல்களைக் கலந்து செய்த பதிவு) அனுப்பியிருந்தேன், எங்கிருந்தும் பதில் வரவில்லை. பிறகு ஓர் இடத்தைத் தேர்ந்து, நான்கு வாரம் தொடர்ந்து அங்கே போய், முதல் ஒரு மணி நேரத்தில் என்ன வேகத்தில் என்ன வகைப் பாடல்கள் ஒலிக்கின்றன, எப்போது ஆட்கள் இருக்கையைவிட்டு எழுகிறார்கள் என்று கவனித்தேன். அந்த நேரத்துக்கென்றே, 112 பி.பி.எம். அளவில் தொடங்கி 120ஐத் தாண்டாத முப்பது நிமிட மிக்ஸ் ஒன்றை எஃப்எல்எக்ஸ்4இல் ஒரே மூச்சில் பதிவுசெய்து, தவறுகளை வெட்டி ஒட்டாமல் அப்படியே கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அழைப்பு வந்தது. அந்த மிக்ஸில் வித்தை எதுவும் இல்லை. இரவின் உச்சத்தில் ஒலிக்க வேண்டிய பாடல்களை நான் தொடவில்லை என்பதே தம்மைக் கவர்ந்தது என்று பொறுப்பாளர் பின்னர் சொன்னார். அடுத்து வருபவருக்கு மேலே ஏற இடம் விட்டு வைப்பது வார்ம்-அப் டிஜேயின் முதல் கடமை. புதியவர்களில் பலர் இதை அறியாமல், கிடைத்த ஒரு மணி நேரத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள்.

இப்படிப் பதிவுசெய்ய நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணையச் சேவைகள் வழியாக ஓடும் பாடல்களை ரெக்கார்ட்பாக்ஸில் வாசிக்கலாம், பதிவுசெய்ய இயலாது. வேலைக்குப் பயன்படும் பாடல்களை முறையாக வாங்கி, 320 கேபிபிஎஸ் எம்பி3 அல்லது அதைவிட நல்ல தரத்தில் சொந்தக் கணினியில் வைத்திருப்பதே வழி. இணையத் தொடர்பு அறுந்தாலும் அவை ஒலிக்கும்.

பாடல் சேமிப்பை அடுக்கும் முறையும் வேலையைத் தீர்மானிக்கிறது. முதல் விருந்துக்கு நாற்பது பாடல்களை இன்னதற்குப் பின் இன்னது என்று வரிசைப்படுத்திக்கொண்டு போயிருந்தேன். ஐந்தாவது பாடலிலேயே ஆடிக்கொண்டிருந்தவர்கள் நகரத் தொடங்கினார்கள். வரிசையைவிட்டு விலக எனக்குத் துணிவு வரவில்லை. வீடு திரும்பியதும் அந்தப் பட்டியலைக் கலைத்துவிட்டு, ஒன்றுக்கொன்று நிச்சயம் பொருந்தும் மூன்று மூன்று பாடல்களாகச் சிறு தொகுதிகள் உருவாக்கினேன். இப்போது கூட்டத்தைப் பார்த்து எந்தத் தொகுதியை எடுப்பது என்று முடிவு செய்கிறேன். ஒரு தொகுதி எடுபடாவிட்டாலும் பத்து நிமிடத்துக்குள் வேறு பக்கம் திரும்பிவிட முடிகிறது. எஃப்எல்எக்ஸ்4இன் எட்டுப் பேட்களில் ஒவ்வொரு பாடலுக்கும் மூன்று ஹாட் கியூ மட்டும் வைக்கிறேன்: உள்ளே நுழையும் இடம், பாட்டு தொடங்கும் இடம், வெளியேறும் இடம். எட்டையும் நிரப்பினால் அவசரத்தில் எது எதற்கு என்று மறந்துபோகிறது.

காதைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். 85 டெசிபல் அளவில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்றும் பணியிடச் செவிப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். பூத் வெளியீடு இல்லாத கருவியோடு வெளியே வாசிக்கும்போது, அறையின் ஒலி தாமதமாக வந்து சேர்வதால் ஹெட்போனை ஏற்றிக்கொண்டே போகத் தோன்றும். ஹெட்போன் மிக்ஸ் குமிழை நடுவில் வைத்து இரண்டு பாடல்களையும் ஒரே காதில் கேட்டு இணைத்தால் அந்தத் தேவை குறைகிறது. திறந்திருக்கும் காதுக்கு இசைக் கலைஞர்களுக்கான காதடைப்பான் போட்டுக்கொள்வது நல்லது.

இதே தரத்தில் வேறு கருவிகளும் உண்டு. காதால் பீட் மேட்சிங் கற்பதே நோக்கம் என்றால் ஹெர்குலிஸ் இன்பல்ஸ் வரிசையைப் பார்க்கலாம். எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று விளக்கால் காட்டும் வழிகாட்டி அதில் இருக்கிறது, தேவையில்லாதபோது அதை அணைத்தும் வைக்கலாம். நியூமார்க் மிக்ஸ்டிராக் புரோ எஃப்எக்ஸில் டெம்போ ஸ்லைடர் நீளமானது, ஜாக் வீலும் பெரியது. நான் மேலே சொன்ன குறை அங்கே இல்லை. ஸ்கிராட்ச் கலையே தம் விருப்பம் என்பவருக்குப் பயனியரின் டிடிஜே-ரெவ்1 பொருந்தும். ஸ்லைடர் மேலே படுக்கையாக இருப்பதால் கை தடையின்றி நகரும். கிளப் பிளேயர்களை நோக்கிப் போக நினைப்பவருக்கு மட்டும் ரெக்கார்ட்பாக்ஸோடு இணங்கும் எஃப்எல்எக்ஸ்4ஐயே பரிந்துரைப்பேன்.

பரவலாக விற்ற கருவி என்பதால் பழையதும் சந்தையில் கிடைக்கிறது. அப்படி வாங்குகிறவர் மடிக்கணினியை உடன் கொண்டுபோய், விற்பவர் முன்னிலையிலேயே சிலவற்றைச் சோதிக்க வேண்டும். கிராஸ்ஃபேடரை (ஒரு டெக்கிலிருந்து மற்றதற்கு ஒலியை மாற்றும் ஸ்லைடர்) ஒரு கோடியில் நிறுத்தினால் மறுபக்கப் பாடல் முற்றிலும் அடங்குகிறதா, டெம்போ ஸ்லைடரைத் தொடாதபோதும் திரையில் எண் தானாகத் துள்ளுகிறதா, லோ குமிழைத் திருப்பும்போது கரகரப்புக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக யு.எஸ்.பி. துளையில் கம்பியைச் செருகி இலேசாக அசைத்துப் பார்க்க வேண்டும். இணைப்பு ஒரு கணம் விட்டு வந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கருவியை எடுக்க வேண்டாம்.